கணினியின் நேரத்தைத் தொட வேண்டாம்

முப்பத்தோராண்டுகள் எம் நாளிதழில் பணியாற்றி ஓய்வுபெறும் செல்வி சிவக்கொழுந்து அவர்களுக்குச் சக ஊழியர்கள் வாசித்தளித்த மடல்
கொட்டாஞ்சேனை, 31 ஜனவரி 2007

அன்பிலும் அடக்கத்திலும் எம் அனைவருக்கும் மூத்தவரே! பிறந்தவர்களுக்கும் வென்றவர்களுக்கும் பக்கங்கள் பல இருக்க, பிரிந்தவர்களின் பக்கத்தைப் பேணுவதே தம் பணியென்று பெற்றுக்கொண்ட பெருந்தகையே! எவர் பெயரும் எழுத்துப் பிசகாமல், எவர் உறவும் விடுபடாமல், எட்டாம் பக்கத்தை இத்தனை காலம் ஏந்தி நின்ற எம் அம்மையீர்! வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் தட்டச்சாளராக இந்தப் படியேறி வந்தீர்கள். கணினிகள் வந்தபோது, அவற்றைக் கண்டு நாங்கள் கைகட்டி நின்ற காலத்தில், தாங்கள்தான் துணிந்து முதலில் உட்கார்ந்தீர்கள். வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் காலி வீதி நெடுக நின்றபடியே வந்து, சோதனைச்சாவடிகளில் இறங்கி அடையாள அட்டை காட்டி மறுபடி ஏறி, எட்டரைக்கு முன் தங்கள் கதிரையில் இருப்பீர்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தின் அந்த ஆறு வாரங்களைத் தவிர்த்தால், தாங்கள் வராத நாட்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

தங்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் தங்களுக்குத் தெரியும். ‘கார்பன் மிஸ்’. தாங்கள் எதை எழுதினாலும் அடியில் கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதியாகவே எழுதுவீர்கள். ஒன்றை உரியவரிடம் கொடுத்து, மற்றதில் அவருடைய கையெழுத்தை வாங்கி, இழுப்பறையில் பூட்டுவீர்கள். விளம்பரப் பகுதியிலிருந்து நிலாம் ஒருமுறை, “மிஸ், ரெண்டு பிளேன்டீக்கும் கார்பன் வச்சுத்தான் சொல்லணுமா? டீக்காரன் பயந்துட்டான்” என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். ஆனால் அந்தச் சீட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டீர்கள்.

பத்தாண்டுகளாக அதை வைத்துச் சிரித்திருக்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று எம்மில் ஒருவருக்குத் தெரியும். மற்றவர்கள் போன வெள்ளிக்கிழமைதான் அறிந்தோம்.

இந்த விழாவுக்கென்று வேறொரு மடல் எழுதி, தட்டச்சிட்டு, எழுத்துப்பிழை பார்த்து ஒப்புநோக்கியும் ஆயிற்று. அந்த வெள்ளிக்கிழமை மாலை, இரவுக் கடமையில் கணினி இயக்கும் வேலுசாமி ஒப்புநோக்கு அறைக்கு வந்து அதை வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதைப் படித்தபின் முந்திய மடலைக் கிழித்துவிட்டோம்.

இனி வருவதை வேலுசாமியே வாசிக்கிறார். ‘நான்’ என்று எழுத நான்கு முறை முயன்றும் தம்மால் ஆகவில்லை என்றார். ஆகவே வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதனால் பிழையின் கனம் குறையும் என்று அவரும் எண்ணவில்லை, நாங்களும் எண்ணவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. வரும் மரண அறிவித்தல்களைப் பகலில் தட்டச்சிட்டுக் கணினியில் ஒரு வரிசையாக வைப்போம். இரவு பன்னிரண்டேகால் ஆனதும், யாரும் கைவைக்காமலே, கணினி தானாக அவற்றை எடுத்து எட்டாம் பக்கத்தில் அடுக்கிவிட்டு வரிசையை வெறுமையாக்கும். இடம் மிஞ்சினால் எம் சொந்த விளம்பரத்தைப் போட்டு நிரப்பும். பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கம் அச்சுத்தகட்டுக்குப் போகும். அந்த ஏற்பாட்டைக் கணினிக்குள் வைத்தவர் தாங்கள்.

அவ்வாண்டு மே மாதத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, நாட்டின் மணிக்கூடுகளை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. நள்ளிரவு பன்னிரண்டு என்பது ஒரு மணியாயிற்று. வேலுசாமி கணினியின் நேரத்தையும் அவ்வாறே மாற்றினார். பக்கம் வரவில்லை. கையாலே அடுக்கிக் கட்டி முடிப்பதற்குள் பத்திரிகை ஒன்றரை மணித்தியாலம் பிந்திற்று. முகாமையாளர் வேலுசாமியை நிற்க வைத்து ஏசினார். மறுநாள் தாங்கள் வந்து, கணினியை ஒரு நாழிகை பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டீர்கள்.

“வேலு, இது பன்னிரண்டேகாலுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தது. நேற்று இரவு இந்த நாட்டில பன்னிரண்டேகால் வரேல்லை. வராத நேரத்துக்கு இது என்ன செய்யும்?”

“அப்ப எம் மேல பிழை இல்லயா மிஸ்?”

“உம்மில இல்லை. நேரத்திலதான்.”

“அப்படின்னா நேரத்துக்கு ஒரு வோர்னிங் லெட்டர் குடுக்கச் சொல்லுங்க மிஸ்.”

தாங்கள் வாய்விட்டுச் சிரித்ததை வேலுசாமி அன்று முதன்முதலாகக் கண்டார்.

ஒக்டோபரில் அரசாங்கம் மனம் மாறி அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை, நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை ஆனதும் மீண்டும் பன்னிரண்டு. முன்னே தள்ளினால் ஒரு நேரம் வராமல் போகும், பின்னே இழுத்தால் அதே நேரம் இருமுறை வரும் என்பதைத் தாங்கள் முன்கூட்டியே கண்டுகொண்டீர்கள். முதல்முறை வரும் பன்னிரண்டேகாலில் கணினி பக்கத்தை அடுக்கி வரிசையை வெறுமையாக்கும். இரண்டாம் முறை வரும் பன்னிரண்டேகாலில், வெறுமையான வரிசையைக் கொண்டு அதே பக்கத்தின் மேல் மறுபடி அடுக்கும். அதைத் தடுக்க ஒன்று செய்தால் போதும். அந்த இரவு கணினியின் நேரத்தை மாற்றாமல் விடவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தாங்கள் புறப்பட்டீர்கள். எட்டு மணிக்குத்தான் வேலுசாமி வருவார். ஆகவே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கணினியின் திரைக் கண்ணாடியிலே ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

வேலுசாமி அதை வாசித்தார். வாசிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வழியில்லை. பன்னிரண்டேகாலுக்குப் பக்கம் ஒழுங்காக வந்தது. பதினொரு அறிவித்தல்கள். ஒப்புநோக்கிச் சரி என்று குறித்தாயிற்று; தகட்டுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. பிறகு பன்னிரண்டரை ஆயிற்று. வானொலியில் புதிய நேரம் சொன்னார்கள். அவர் சுவர்க்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். கணினியைப் பார்த்தார். வேலைதான் முடிந்துவிட்டதே, இனி மாற்றினால் என்ன என்று நினைத்தார். காலையில் மிஸ்ஸுக்கு ஒரு வேலை குறையட்டும் என்றும் நினைத்தார். மே மாதத்து ஏச்சும் நினைவிலிருந்தது. துண்டுத்தாள் ஒட்டியிருந்தபடியே இருக்க, அதன் கீழே விசைப்பலகையில் விரலை வைத்து நேரத்தை மாற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

கால் மணித்தியாலம் கழித்துக் கணினி தன் வேலையை இரண்டாம் முறை செய்தது. பதினொரு பேர் இருந்த இடமெங்கும் எம் சொந்த விளம்பரம் நிரம்பியது. ‘உங்கள் மரண அறிவித்தல்களுக்கு எம்மை நாடுங்கள்’. தூரத்திலிருந்து பார்த்தால் பக்கம் நிறைந்திருந்தது. தகடு செய்தவர் நின்று பார்க்கவில்லை.

விடியப்புறம் வீட்டுக்குப் போகக் கிளம்பிய வேலுசாமி வாசலில் பத்திரிகையை விரித்தார். ஒரே விளம்பரம் மேலிருந்து கீழ்வரை. மேலே ஓடிவந்தார். துண்டுத்தாள் கண்ணாடியில் அப்படியே இருந்தது. அதை உரித்தார், நான்காக மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. செய்து முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது.

பத்து மணிக்குக் கொச்சிக்கடையில் அவர் வீட்டுக்கு ஆள் வந்தது. முகாமையாளர் அறையில் தாங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

“நான் எழுதிக் கண்ணாடியில ஒட்டிவிட்டுத்தான் போனனான்” என்றீர்கள்.

“எங்க அந்தத் துண்டு?” என்று முகாமையாளர் வேலுசாமியிடம் கேட்டார்.

“நான் காணல சேர்.”

தாங்கள் திரும்பி அவரைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் அப்போதே உடைந்திருப்பார். கோபம் இல்லை. ஏதோ கணக்குப் பிசகியவர்போலப் பார்த்தீர்கள். பிறகு மிக மெதுவாகச் சொன்னீர்கள்.

“ஒட்டினதா நினைச்சிருப்பன் போல.”

அன்று முழுவதும் தேடினீர்கள். மேசைக்கடியில், அலுமாரிக்குப் பின்னால், குப்பைக் கூடையில். மேசைக்கடியில் தாங்கள் குனிந்து தேடியபோது டோர்ச் பிடித்தவர் வேலுசாமி.

ஞாயிற்றுக்கிழமை, எம் வழக்கப்படி, பதினொரு அறிவித்தல்களையும் மறுபடி இலவசமாகப் பிரசுரித்தோம், ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்ற வரியுடன். சிலருக்கு அது போதுமாயிருந்தது. திங்கட்கிழமை காலை, தோளில் துவாயுடன், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அந்த இரண்டு நாள் பத்திரிகைகளையும் கையில் பிடித்தபடி விளம்பரம் பெறும் கருமபீடத்தின் முன் வந்து நின்றார். கொச்சிக்கடையில் துறைமுகக் கிடங்கொன்றில் மூட்டை ஏற்றுபவர். பெயர் சின்னராசா. நிலாம் முதலில் அவர் விளம்பரம் கொடுக்க வந்தவர் என்றே எண்ணி, “சொல்லுங்க அண்ணே” என்றார்.

“சனிக்கிழம பேப்பர்ல எங்கம்மா இல்ல. ஞாயித்துக்கிழம பேப்பர்ல இருக்கு. சனிக்கிழம மூணு மணிக்கு எடுத்துட்டாங்களாம்.”

நிலாம் எழுந்தார். உள்ளே வந்து தங்களை அழைத்தார். தாங்கள் போனீர்கள். கதவுக்குப் பின்னால் வேலுசாமி நின்றார். திங்கட்கிழமை பகலில் அவருக்கு அங்கே வேலை எதுவுமில்லை. சம்பளச் சீட்டை வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

சின்னராசாவின் தாய் பழனியம்மா வெள்ளவத்தையில் மகள் பகவதியோடு இருந்தவர். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்ணான மெற்றில்டாவை மகன் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, பதினாறு ஆண்டுகள், தாயின் வீட்டு வாசலைச் சின்னராசா மிதித்ததில்லை. ஆள் விட்டுச் சொல்லியனுப்பும் உறவுகூட இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டதை அறிந்தபின் அவர் தினமும் எம் பத்திரிகையை வாங்கி எட்டாம் பக்கத்தை முதலில் பார்ப்பார். அது பகவதிக்கும் தெரியும். அதனால்தான் வெள்ளிக்கிழமை அறிவித்தல் கொடுக்க வந்தபோது, “எங்கண்ணன் பேப்பர் பாக்கும், அது பாத்துடும்” என்று நிலாமிடம் சொல்லிவிட்டுப் போனார்.

“டெய்லி பாப்பேங்க” என்றார் சின்னராசா. “சனிக்கிழமயும் பாத்தேன். அம்மா பேரு இல்ல. நிம்மதியா வேலைக்குப் போனேன்.”

அவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரித்து விரலால் ஒரு வரியைத் தொட்டார். சின்னராசா, பகவதி ஆகியோரின் பாசமிகு தாயாரும், மெற்றில்டாவின் அன்பு மாமியாரும்.

“இவ பேரையும் போட்டிருக்காங்க. பதினாறு வருசத்துல அந்த வீட்டுல இவ பேரச் சொன்னதில்ல. தங்கச்சி போட மாட்டா. அம்மாதான் சொல்லிட்டுப் போயிருக்கும்.”

“ஐயா, பிழை எங்கட. கணினிப் பகுதிக்குப் பொறுப்பு நான்” என்றீர்கள்.

“ஒங்கள ஏசி என்னம்மா செய்யப் போறேன்? ஒரு உதவி செய்ங்க. நான் பாத்துட்டும் வராம இருந்துட்டேன்னு பகவதி நெனச்சுக்கிட்டிருக்கா. நேத்துப் போனேன், கதவத் தொறக்கல. சனிக்கிழம பேப்பர்ல வரலன்னு சீல் வச்சு ஒரு கடிதம் குடுங்க. அதக் காட்டுறேன்.”

முகாமையாளர் மறுத்துவிட்டார். அப்படியொரு கடிதம் கொடுத்தால் பதினொரு வீட்டாரும் நீதிமன்றம் போவார்கள் என்றார். தாங்கள் திரும்பி வந்து, முத்திரையில்லாத வெறுந்தாளில், தங்கள் கையாலேயே எழுதினீர்கள். சனிக்கிழமை அறிவித்தல் வெளிவராதது தங்கள் கவனக்குறைவால் என்று எழுதி, முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் இட்டுக் கையொப்பம் வைத்தீர்கள். கதவுக்குப் பின்னால் நின்றவரின் சட்டைப் பையில் அந்தத் துண்டுத்தாள் இருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் தாங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

கடிதம் வேலை செய்தது. பதினாறாம் நாள் கருமாதிக்கு நிலாம் போயிருந்தார். சின்னராசா தாயின் படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தார், மெற்றில்டா பகவதியோடு அடுப்படியில் நின்றார். ஆனால் அந்தக் கடிதத்தின் செய்தி எப்படியோ முகாமையாளர் காதுக்கும் வந்தது. அடுத்த வாரம் தங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, தங்களுக்கு வரவேண்டிய பகுதித் தலைவர் பதவியை வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அவருக்கு வேலை பழக்கியவரும் தாங்களே.

பதவி போனதைத் தாங்கள் பெரிதாக எண்ணவில்லை என்பதை வேலுசாமி அறிவார். அவர் கண்டது வேறு. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் கார்பன் தாள் வந்தது. பூட்டிய இழுப்பறையை மறுபடி இழுத்துப் பார்க்கும் பழக்கமும் வந்தது. பஸ் தரிப்பிடம் வரை போய்த் திரும்பிவந்து, “வேலு, நான் கணினியை நிப்பாட்டினனானோ?” என்று கேட்பதும் வந்தது. எழுதிய ஒன்றை எழுதவில்லை என்று ஒருமுறை நம்பவைக்கப்பட்டவர் அதன்பின் தம் கையையே நம்புவதில்லை.

சென்ற ஏப்ரலில் அரசாங்கம் மிச்ச அரை மணித்தியாலத்தையும் திருப்பி எடுத்தது. புத்தாண்டன்று நள்ளிரவு கடந்து. இரவு எட்டு மணிக்கே, ஒரு பிளாஸ்க்கோடு, தாங்கள் வந்துவிட்டீர்கள். தானாக ஓடும் வேலையை நிறுத்திவைத்து, கணினியின் முன் உட்கார்ந்தீர்கள். கையில் ஒரு துண்டுத்தாள் இருந்தது.

“ஏன் மிஸ், ஒட்டிட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்” என்றார் வேலுசாமி.

“இல்லை வேலு. நான் ஒட்டினா நிக்காது. ஒருக்காப் பாத்திட்டன்தானே.”

விடியும்வரை அந்தத் தாளைப் பிடித்தபடி இருந்தீர்கள். வேலுசாமி வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். அப்போதும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பத்தாண்டுகள் பிந்திவிட்டது என்று எண்ணினார். இப்போது இன்னும் ஒன்பது மாதம் பிந்திச் சொல்கிறார்.

அவர் வாசிக்க வேண்டிய பகுதி இத்துடன் முடிகிறது.

அம்மையீர்! எம் எல்லோருக்கும் இதில் பங்குண்டு. அன்று ‘மிஸ் சொன்னால் சொன்னதுதான்’ என்று ஒருவர்கூட முகாமையாளரிடம் போய் நிற்கவில்லை. தங்கள் இருபதாண்டு உழைப்பு ஒரு காணாமற்போன துண்டுத்தாளைவிடப் பெரிதென்று எமக்குத் தோன்றவில்லை. அந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் தங்கள் பணிக் கோவையிலிருந்து நீக்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறோம். இன்றுவரை பதில் இல்லை. வேலுசாமி தம் பெயரில் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். அதன் விளைவு எதுவாயினும் ஏற்பதாகச் சொல்கிறார். மன்னியுங்கள் என்று இம்மடலில் எழுத வேண்டாம், அதை மிஸ்ஸிடம் கேட்கும் தகுதி தமக்கில்லை என்றார். ஆகவே எழுதவில்லை. தாங்கள் முன்பே அறிந்திருந்தீர்களா என்றும் கேட்கமாட்டோம்.

இன்று எட்டாம் பக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்குவதில்லை. ஒன்பதிலும் பாதி போகிறது. இறந்தவர்களின் வயதும் இடமும் பார்த்தால், போர் நடக்கும் இந்நாளில் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பெயர்களையெல்லாம் நாள்தோறும் தகட்டுக்குப் போகுமுன் வாய்விட்டு வாசித்து வந்தீர்கள், ஒருவரும் விடுபடக்கூடாதென்று. நாளை முதல் அதை நாங்கள் வாசிப்போம். வேலுசாமியின் வேலை பறிபோகாமல் இருந்தால், முதல் பெயரை அவர் வாசிப்பார்.

தாங்கள் நோயின்றி, நெடுநாள், நிம்மதியாக வாழவேண்டும். காலி வீதியில் கடை திறந்ததுமே பத்திரிகை வாங்கி, நின்ற நிலையிலேயே எட்டாம் பக்கத்தை விரிக்கும் வழக்கம் தங்களை விட்டுப்போகட்டும். ஒருநாளாவது வேறொரு பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து போங்கள். பூட்டித்தான் இருப்பீர்கள்.

இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தருகிறோம். இதன் கீழே, நான்காக மடித்த தடம் மாறாத, பழுப்பேறிய துண்டுத்தாள் ஒன்றும் அதே கண்ணாடிக்குள் இருக்கிறது. எழுத்து தங்களுடையது. தாங்கள் எழுதினீர்கள், அம்மையீர். ஒட்டிவிட்டும் போனீர்கள்.

‘வேலு, இன்று இரவு கணினியின் நேரத்தைத் தொட வேண்டாம். காலையில் நான் வந்து மாற்றுவேன். சிவக்கொழுந்து. 25.10.96’

இங்ஙனம்,
கணினி, ஒப்புநோக்கு, விளம்பரப் பகுதி ஊழியர்கள்

தனியாக,
மு. வேலுசாமி